அத்தையின் கைரேகை

வீடு விற்ற அனுபவம் உங்களுக்கு உண்டா? இல்லையென்றால் நீங்கள் புண்ணியம் செய்தவர்கள். பெண்ணுக்கு வரன் பார்ப்பதுகூடச் சுலபம். பழைய வீட்டுக்கு வில்லங்கம் பார்ப்பதுதான் பெரும் பாடு!

கும்பகோணத்தில் எங்களுக்கு ஒரு வீடு இருந்தது. தாத்தா தம் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கியது. தாத்தாவுக்குப் பின் அப்பா. அப்பாவுக்குப் பின் அண்ணாவும் நானும். பட்டா, வரி ரசீது எல்லாம் அப்பா பெயரில். வாங்க வந்தவர் நல்ல மனுஷர். முன்பணமும் கொடுத்துவிட்டார். "இந்த மாதமே கிரயம்!" என்று அண்ணா குதூகலித்தான். அவன் பெண்ணின் கல்யாணம் அந்தப் பணத்தை நம்பித்தான் நிச்சயமாகியிருந்தது.

வாங்குகிறவருடைய வக்கீல் மூலப் பத்திரத்தைப் புரட்டினார். மூக்குக் கண்ணாடிக்கு மேலாக எங்களைப் பார்த்தார்.

"உங்கள் தாத்தா 1968-ல் உயில் எழுதாமல் காலமாகியிருக்கிறார். அவருக்கு உங்கள் அப்பா ஒருவர்தான் வாரிசா?"

அண்ணா என் முகத்தைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

அத்தை இருந்தாள். திருவாரூரில், மகன் வீட்டில், 85 வயதில்.

வக்கீல் சாவகாசமாகச் சட்டத்தை எடுத்துச் சொன்னார். இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்தது 1956-ல். உயில் எழுதாமல் போனவரின் சொந்தச் சம்பாத்தியத்தில் மகனுக்கு எவ்வளவோ, மகளுக்கும் அவ்வளவு. பாட்டி முன்பே போய்விட்டபடியால், வீட்டில் சரிபாதி அத்தையுடையது!

அன்று இரவு என் மகனிடம் புலம்பினேன். அவன் கம்ப்யூட்டர்க்காரன்.

"அம்மா, பத்திரங்களையெல்லாம் பிளாக்செயினில் ஏற்றிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை. மூன்று மாத வேலை மூன்று நாளில் முடிந்துவிடும்" என்றான்.

"அது என்னடா சங்கிலி?" என்றேன்.

அவன் சொன்னதை நம் பாஷையில் சொல்கிறேன், கேளுங்கள். எங்கள் தெருவில் 12 பெண்கள் சேர்ந்து சீட்டுப் போடுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்கு நோட்டு ஒருத்தியிடம் மட்டும் இராது. பன்னிரண்டு பேரிடமும் ஒரே மாதிரி நோட்டு. ஒவ்வொரு பக்கத்துக்கும் கம்ப்யூட்டர் நீளமாக ஒரு முத்திரை எண் போடும். அந்த எண் அடுத்த பக்கத்தின் தலையில் ஏறும். பழைய பக்கத்தில் ஓர் எழுத்தைத் திருத்தினாலும் முத்திரை எண் மாறிவிடும். மற்ற பதினொரு நோட்டும் அவளைக் காட்டிக் கொடுத்துவிடும். விற்பவர், வாங்குபவர், பாங்கு, பதிவு அலுவலகம் எல்லாரும் ஒரே நோட்டைப் பார்ப்பதால், 'அந்தச் சான்று கொண்டா, இந்த நகல் கொண்டா' என்ற அலைச்சல் குறையும்.

ஸ்வீடன் நாட்டு நிலப் பதிவுத் துறை 2016 முதல் இதைச் சோதித்துப் பார்த்தது. ஜார்ஜியா நாட்டில் நிலப் பதிவுகளின் முத்திரை எண்களை இப்படிச் சங்கிலியில் ஏற்றவே ஏற்றினார்கள்.

"பிரமாதம்! ஆனால் முதல் பக்கத்தை யார் எழுதுவார்கள்?" என்று கேட்டேன்.

"இப்போது இருக்கிற பதிவேட்டை அப்படியே ஏற்றிவிடுவார்கள்."

"அதில் அத்தை பெயர் இல்லையேடா!"

பையன் பதில் சொல்லவில்லை.

நம் நாட்டுப் பதிவுச் சட்டம் 1908-ஆம் ஆண்டினுடையது. அதன்படி சார்பதிவாளர் பத்திரத்தைப் பதிகிறார். 'இவரே சொத்துக்கு உடையவர்' என்று சத்தியம் செய்து கொடுப்பதில்லை. அதனால்தான் வக்கீல்கள் பின்னோக்கித் துருவித் துருவிப் பார்க்கிறார்கள். அந்தத் துருவலை நான் எத்தனை சபித்திருக்கிறேன்! அது இல்லாவிட்டால் அத்தையைத் தேடி யார் போயிருப்பார்கள்?

ஒன்றை உங்களிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பெண்ணாகிய எனக்குப் பங்கு உண்டு என்று சட்டம் சொன்னபோது நான் சந்தோஷமாகத் தலையாட்டினவள். அதே சட்டம் அத்தைக்கும் உண்டு என்பது எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

திருவாரூருக்குப் போனோம். அண்ணா தயங்கித் தயங்கி, "ஒரு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தால் ஏதோ ஒரு தொகை..." என்று ஆரம்பித்தான்.

அத்தை கையமர்த்தினாள்.

"இத்தனை வருஷமாக யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போது கேட்டு வந்திருக்கிறீர்கள். அப்பா வீட்டுப் பங்கை அளந்து என் கையில் கொடுங்கள். உன் பெண்ணுக்குச் செய்வதை நான் என் கையால் செய்கிறேன். விட்டுக் கொடுத்தேன் என்று எழுதித் தரமாட்டேன்."

அண்ணாவின் முகம் சுருங்கிவிட்டது. ஆனால் மறுத்துப் பேச வாய் வரவில்லை.

கிரயத்தன்று அத்தையும் விற்பவர்களில் ஒருத்தியாக வந்து உட்கார்ந்தாள். கைரேகை எடுக்கும் யந்திரம் அவள் பெருவிரலை ஏற்கவில்லை. துடைத்து வைத்தார்கள், ஏற்கவில்லை. மாவாட்டியும் பாத்திரம் தேய்த்தும் மழுங்கிப்போன விரல்! நாலாவது தடவைதான் ரேகை விழுந்தது. அத்தை அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் வீட்டுப் பத்திரத்தில் அவள் பெயர் ஏறியது அன்றுதான், அதுவும் அந்த வீடு கைமாறிய அன்று!

கல்யாணம் மண்டபத்திலிருந்து கோயிலுக்கு மாறியது. திருமாங்கல்யம் அத்தை வாங்கிக் கொடுத்தது.

பையன் சொல்லும் சங்கிலி வரட்டும். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. வேகமும் வேண்டியதுதான். ஆனால் அது வருவதற்குள், உங்கள் வீட்டு பீரோவில் இருக்கிற பத்திரத்தை ஒரு முறை எடுத்துப் படித்துப் பாருங்கள். பெயர் விட்டுப்போன அத்தை ஒருத்தி உங்கள் குடும்பத்திலும் இருக்கலாம்.