கையும் படிக்க வேண்டும்

பேரணாம்பட்டுக்கு அண்மையிலுள்ள சிற்றூர் ஒன்றில், 1987ஆம் ஆண்டு மார்கழி மாதத்து இரவொன்றில், அரிக்கேன் விளக்கின் ஒளியில் பாடநூலைப் புரட்டியவண்ணம் ஈற்றுநோவிலிருந்த பசு ஒன்றின் அருகே நாம் அமர்ந்திருந்தோம். கால்நடை மருத்துவப் பட்டம் பெற்று ஓராண்டுகூட நிறைவுறாத காலம் அது. கன்றின் முன்னங்கால்கள் இரண்டும் வெளியே தெரிந்தன, தலை வரவில்லை. அது பக்கவாட்டில் மடங்கி, விலாவை நோக்கிக் கிடந்தது. அந்நிலைக்கு என்ன பெயர், அதில் எத்தனை வகை, எவ்வகைக்கு எம்முறை என்பனவற்றையெல்லாம் தேர்வுத்தாளில் பழுதின்றி எழுதி நல்ல மதிப்பெண்ணும் பெற்றிருந்தோம். ஆயினும், நம் ஆசிரியர் இதே நிலையிலிருந்த கன்றின் தலையைத் திருப்பியெடுத்த நாளில், கூடிநின்ற மாணவர்களில் நாம் பின்வரிசையில் நின்றுவிட்டோம். அன்று நாம் கண்டது அவருடைய முதுகைத்தான்.

விடியுமுன் கன்று மடிந்தது. நண்பகலில் தாய்ப்பசுவும் மடிந்தது. அவ்வீட்டு அம்மாள் நம்மை ஒரு சொல்லும் கடிந்துகொள்ளவில்லை. கை கழுவச் சுடுநீரும் சவுக்காரமும் கொண்டுவந்து வைத்து, "நீங்க என்ன பண்ணுவீங்க டாக்டரய்யா, அதுக்கு ஆயுசு அவ்வளவுதான்" என்றார். அதன் ஆயுள் அவ்வளவுதானா என்பது நமக்குத் தெரியும். மாலையில் தோலுரிக்க ஆட்கள் வந்தார்கள். பசுவை விற்றிருந்தால் கிடைத்திருக்கும் தொகையில் மிகச் சிறு பங்கு, தோலின் விலையாக அக்குடும்பத்துக்குத் திரும்பி வந்தது.

இந்நிகழ்ச்சியை நாம் நெடுங்காலம் எவரிடமும் சொன்னதில்லை. இன்று ஓய்வுபெற்றுவிட்ட நிலையில் இதனை எழுதக் காரணம் உண்டு. மருத்துவர் என்ற பட்டம் கைக்கு வந்த நாளோடு கல்வி முடிந்துவிடுவதாக மக்களும் எண்ணுகின்றனர். மருத்துவர்களில் பலரும் எண்ணுகின்றனர். 1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவச் சட்டப்படி பதிவேட்டில் பெயர் இருந்தால்தான் ஒருவர் தொழில் நடத்தலாம். ஐந்தாண்டுக்கு ஒருமுறை அப்பதிவைப் புதுப்பித்துக்கொள்ளவும் வேண்டும். பதிவு புதுப்பிக்கப்படுகின்றது. கை புதுப்பிக்கப்படுகின்றதா என்று யார் பார்க்கின்றார்கள்?

அந்த இரவுக்குப் பின் ஏழாண்டுகள் கழித்து, பணியிலிருக்கும் மருத்துவர்களுக்கான ஒரு வாரப் பயிற்சிக்குச் சென்றோம். வகுப்பறையில் பெஞ்சுகள் இல்லை. இரும்புச் சட்டம் ஒன்றில் தடித்த தார்ப்பாயால் செய்த பை கட்டப்பட்டிருந்தது. அதனுள் இறந்து பிறந்த கன்றொன்றை வைத்து, தலையை வேண்டுமென்றே மடக்கிவிட்டிருந்தார்கள். பயிற்றுவித்த பெரியவர் ஒவ்வொருவர் கண்ணையும் துண்டால் கட்டினார். "உள்ளே போனா கைக்குத்தான் கண்ணு" என்பார். கன்றை இழுக்காதே, முதலில் உள்ளே தள்ளு என்பதே அவர் கற்பித்த முதற்பாடம். தள்ளினால்தான் தலையைத் திருப்ப இடம் கிடைக்கும். பசு முக்கும்போது தள்ளலாகாது. இரு முக்கலுக்கு இடைப்பட்ட நேரத்தில்தான் தள்ள வேண்டும். அதற்கு முன் வால் அடியில் மரப்பூசி போட்டுவிட்டால் முக்கல் அடங்கும். கயிற்றைக் கீழ்த்தாடையில் மாட்டி வெளியிலிருப்பவரை மெல்ல இழுக்கச் சொல்லும்போது, நம் உள்ளங்கை கன்றின் வாயை மூடியிருக்க வேண்டும்; இல்லையேல் அதன் பற்கள் கருப்பையைக் கிழித்துவிடும்.

இவ்வளவும் 1987இலேயே நம் நூலில் இருந்தவைதாம். மூன்றாம் நாள் பிற்பகலில், கட்டிய கண்ணோடு, கன்றின் மூக்கு நம் உள்ளங்கைக்குள் திரும்பி வந்த அந்தக் கணத்தில், பேரணாம்பட்டுப் பசுவின் நினைவு வந்து நாம் அழுதுவிட்டோம். துண்டு கண்ணில் இருந்தது நல்லதாயிற்று.

பயிற்சி என்ற பெயரில் நிகழ்வன எல்லாம் இத்தகையன என்று வாசகர் எண்ணிவிடலாகாது. குளிரூட்டிய மண்டபத்தில் மருந்து வணிகர் செலவில் விருந்து, ஒரு பை, ஒரு பேனா, படங்கள் ஓடும் திரை, இறுதியில் சான்றிதழ் என முடிந்த கூட்டங்கள் பலவற்றிலும் நாம் அமர்ந்திருக்கின்றோம். அவற்றில் கேட்டன பயனற்றவை என்று சொல்லமாட்டோம். ஆனால் அங்கிருந்து திரும்பும்போது நம் கைகள் போனபடியே திரும்பின.

அதனால் நாமே ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். இறைச்சிக்கூடத்துப் பாய் ஒருவர் நமக்கு நண்பர். வெட்டப்பட்ட மாட்டின் கருப்பையையும் மடியையும் மாதம் ஒருமுறை வாளியில் போட்டு அனுப்புவார். சுற்றுவட்டார மருத்துவர் மூவர் நாலுபேர் ஞாயிறு பிற்பகலில் கூடி, மருந்தகத்து மேசையில் அவற்றைப் பரப்பி, கண்ணை மூடிக்கொண்டு சினைப்பையைத் தடவுவோம். கிழிந்த காம்பைத் தைத்துப் பழகுவோம். "டாக்டருங்க எல்லாம் சேர்ந்து பிரியாணிக்கா கறி அறுக்கிறீங்க?" என்று பாய் கேலி செய்வார். தைக்கத் தெரியாத கை முதன்முதலாகத் தைத்துப் பார்ப்பது ஏழைவீட்டுக் கறவை மாட்டின் காம்பிலாக இருக்கக் கூடாது என்பது ஒன்றே எங்கள் எண்ணமாயிருந்தது.

கை ஒருபுறமிருக்க, நோய்களும் நமக்காகக் காத்து நிற்பதில்லை. நாம் பயின்ற நாளில், ஆடுகள் வாய்ப்புண்ணும் கழிச்சலும் மூக்குச்சளியுமாக மந்தையோடு மடிந்தால் அதை வெக்கை நோயென்றே ஐயுற்றோம். 1987இல் விழுப்புரம் பக்கத்து அரசூரில்தான் அது ஆட்டுக்கொல்லி என்ற வேறொரு நோய் என்பது இந்தியாவில் முதன்முதலாக அறியப்பட்டது. பின்னாளில் அவ்வூரின் பெயரையே தாங்கிய நச்சுயிரி வகையிலிருந்து தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தடுப்பூசி உருவாக்கியது. மாடுகளின் வெக்கை நோயோ எதிர்த்திசையில் நடந்தது. இந்தியாவில் அது கடைசியாகத் தலைகாட்டியது 1995இல், நம் வட ஆர்க்காட்டு மண்ணில்தான். 2011இல் உலகிலிருந்தே ஒழிந்துவிட்டதாக அறிவித்தார்கள். ஆண்டாண்டு காலம் கற்ற ஒன்றை மூட்டை கட்டி வைக்க நேர்ந்தது. இத்தகைய மகிழ்ச்சி எத்தனை தொழிலில் வாய்க்கும்? வலிக்கும் காய்ச்சலுக்கும் நாம் தாராளமாகப் போட்டுவந்த டைக்ளோஃபினாக் ஊசி, அம்மாட்டின் பிணத்தைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகத்தை அழித்துக் கொன்றதென அறிந்து, 2006இல் கால்நடைகளுக்கு அதனைத் தடுத்தார்கள். நல்லெண்ணத்தோடு போட்ட ஊசி அது. பிறகு 2019இல் ஒடிசாவில் தோன்றி நாடெங்கும் பரவிய தோல் கழலை நோய், நம் நூல்களில் ஆப்பிரிக்கக் கண்டத்துச் செய்தியாக மட்டும் இருந்தது. நாம் அதைக் கண்ணால் கண்டது பணியின் இறுதிக்காலத்தில்தான்.

இனி, பட்டமில்லாத ஓர் ஆசிரியரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பாலாற்றங்கரை ஊர்களாகிய ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விசாரம், இராணிப்பேட்டை என்னும் இவ்வட்டாரம் தோலால் வாழ்வது. ஆம்பூரில் தோல் தரம் பிரிக்கும் முதியவர் ஒருவருடைய நாயைப் பார்க்கச் சென்ற இடத்தில் பழக்கம் ஏற்பட்டது. ஒருநாள் அவர் நம்மைத் தம் வேலையிடத்துக்கு அழைத்துச் சென்று, பதனிட்ட மாட்டுத்தோல் ஒன்றை வெளிச்சத்தில் விரித்தார். "படிங்க டாக்டரய்யா" என்றார். நமக்கு அது வெறுந்தோல். அவர் விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். ஊசி முனைபோன்ற குழிகள் உண்ணி கடித்தவை. நீண்ட கோடு முள்வேலி. இந்த ஓட்டை உரித்தவனின் கத்தி. விலாவில் இருந்த வட்டமான கருக்கல், நோய்க்காகப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் இட்ட சூடு. "இது டாக்டரு போகாத ஊரு மாடு" என்றார். சற்று நேரம் நாம் பேசவில்லை. பிறகு பின்புறத்தில், மிக உயர்ந்த தோல் கிடைக்கும் இடத்தில், சுருங்கிய தழும்பு ஒன்றைக் காட்டிச் சிரித்தார். "இது டாக்டரு போன ஊரு மாடு!" எரிச்சலூட்டும் மருந்தைப் பின்புறத்தில் செலுத்தி, அது சீழ்பிடித்து ஆறிய வடு அது. அன்று முதல் நாம் இயன்றவரை கழுத்துப் பக்கத்திலேயே ஊசி போட்டோம். எந்தப் பேராசிரியரும் சொல்லி நம் மனத்தில் இவ்வளவு ஆழமாக அது பதியவில்லை.

தோல் தொடர்பான வேறொரு நிகழ்ச்சியும் நினைவுக்கு வருகின்றது. 1998ஆம் ஆண்டு கோடை. காலையில் தீவனம் தின்ற எருது மாலையில் திடீரென வீழ்ந்து மடிந்துவிட்டது. நாம் போய்ச் சேர்ந்தபோது, தோலுரிப்பவர் கத்தியைத் தீட்டிக்கொண்டு நின்றார். எருதின் மூக்கிலிருந்து தார்போன்ற கறுத்த குருதி கசிந்து, உறையாமல் கிடந்தது. அடைப்பான் நோயாக இருக்கலாம் என்ற அச்சம் எழுந்தது. அவ்வாறாயின் உடலைத் திறக்கவே கூடாது. காற்றுப்பட்டால் அக்கிருமி வித்தாக மாறி, மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். தோலைத் தொட்ட கையில் வலியற்ற கொப்புளமாகத் தோன்றி, நடுவில் கரிய பொருக்குக் கட்டும். நோயின் கிரேக்கப் பெயருக்கே கரி என்பதுதான் பொருள். மனிதரை இந்நோய் பற்றியதைக் குறித்து வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் மருத்துவ ஏடுகளில் எழுதியிருக்கின்றனர்.

எருதின் காதைச் சிறிது குத்தி, ஒரு துளிக் குருதியைக் கண்ணாடிச் சில்லில் தடவிக்கொண்டு, குத்திய இடத்தை மருந்துப் பஞ்சால் அடைத்துவிட்டு மருந்தகத்துக்கு விரைந்தோம். சாயமேற்றி நுண்ணோக்கியில் வைத்தோம். நீல நிறத்தில் முனை மழுங்காத கோல்கள். அவற்றைச் சூழ இளஞ்சிவப்புப் போர்வை. ஐயமில்லை. ஐயமின்றிச் சொல்ல முடிந்தது ஏனெனில், அவ்வாண்டுத் தொடக்கத்தில்தான், 1930களில் தோன்றிய இராணிப்பேட்டைக் கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையத்தில், எண் மட்டும் எழுதிய சில்லுகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்து இது அடைப்பான், இது அன்று எனச் சொல்லிப் பழகியிருந்தோம். அதற்குமுன் கல்லூரி நாளில் பார்த்ததோடு சரி.

திரும்பிச் சென்று, தோலுரிக்கக் கூடாது, சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதைக்க வேண்டும் என்றோம். உழவருக்கு முகம் சுருங்கிவிட்டது. "மாடும் போச்சு, தோலும் போகணுமா?" என்றார். உரிப்பவரோ, "எத்தனையோ உரிச்சிருக்கேன் ஐயா, எனக்கு என்ன ஆச்சு?" என்று வாதாடினார். இருட்டும்வரை அங்கேயே நின்று, குழி ஆறடி ஆனபிறகுதான் புறப்பட்டோம். மறுநாள் அவ்வூர் மாடுகளுக்கெல்லாம் தடுப்பூசி போட்டோம். அவ்வூரில் மனிதரோ மாடோ எதுவும் பிறகு நோயுறவில்லை. ஒன்றும் நிகழாததால் நாம் செய்ததும் ஒருவருக்கும் தெரியவில்லை. தோல் பணத்தைக் கெடுத்தவர் என்ற பெயர் மட்டும் நமக்கு நிலைத்தது. அந்த உழவர் வெகுகாலம் நம்மைக் கண்டால் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்.

நாம் முதன்முதலில் பணியாற்றிய மருந்தகத்தில் இப்பொழுது இளம் பெண் மருத்துவர் ஒருவர் இருக்கின்றார். அவ்வப்போது வீட்டுக்கு வருவார். வெக்கை நோயை நேரில் கண்டவர் என்பதால் நம்மிடம் அதன் வாய்ப்புண் எப்படியிருக்கும், நாற்றம் எப்படியிருக்கும் என்று கேட்டு எழுதிக்கொள்வார். "வராத நோய்க்கு இதெல்லாம் எதற்கம்மா?" என்றால், "வந்துட்டா கேக்க ஆள் இருக்கணுமே சார்" என்பார். சென்ற மாதம் வந்தபோது அவர் முகம் வாடியிருந்தது. ஒலியலைக் கருவியால் சினை பார்க்கும் மூன்று நாள் செய்முறைப் பயிற்சிக்கு அவருக்கு இடம் கிடைத்திருந்தது. ஆனால் அவர் போனால் மருந்தகத்தில் மாற்று மருத்துவர் இல்லை. பயிற்சி வேண்டும் என்று சொல்பவர்கள் எவரும் அந்த மூன்று நாட்களை யார் பார்ப்பார் என்று சொல்வதில்லை. நம் காலத்திலும் இதே கதைதான். போகவேண்டாம் என்று முடிவு செய்துவிட்டதாகச் சொன்னார்.

"நீ போய்வா அம்மா. அவசரம் என்று யாராவது கூப்பிட்டால் நம் எண்ணைக் கொடுத்துவிட்டுப் போ" என்றோம். பதிவு இன்னும் நடப்பில் இருக்கின்றது. கைதான் சற்று நடுங்குகின்றது.

இரண்டாம் நாள் இரவு பத்து மணிக்குத் தொலைபேசி ஒலித்தது. தலைச்சன் கிடேரி, கால் இரண்டும் வந்துவிட்டது, தலையைக் காணோம் என்றார்கள். கயிற்றையும் சவுக்காரத்தையும் எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு, பேரனை வண்டியை எடுக்கச் சொன்னோம்.