புற்றுக்குப் பால், வீட்டுக்கு மருந்து

ஆடி வெள்ளி. கோவில்பதாகை ஏரிக்கரை. வேப்பமரத்தடியில் ஆளுயரப் புற்று. இடுப்பில் மஞ்சள் துணி.

பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள். கையில் பால் செம்பு, ஒரு முட்டை. முறை வந்தவர் செருப்பை ஓரம் தள்ளிவிட்டுக் குனிகிறார். பால் மண்ணில் இறங்குகிறது. குங்குமம் கரைந்து வழிகிறது. எல்லோர் கண்ணும் உச்சித் துளையில். பாம்பு வரவில்லை.

அடியில் ஈரம் பட்டு ஓரம் உதிர்ந்திருக்கிறது. நாலைந்து கரையான்கள் அடைக்கின்றன. மண் உருண்டை, எச்சில், மறுபடி மண் உருண்டை. தலை பெருத்த சிப்பாய் ஒன்று வாசலில் காவல். அதற்குத் தானாகத் தின்ன முடியாது. வேலைக்காரக் கரையான் ஊட்டுகிறது.

இந்த ஏற்பாடு பழையது. பர்மாவின் அம்பர். மரப்பிசின் இறுகிக் கல்லானது. வயது சுமார் 10 கோடி ஆண்டு. உள்ளே கரையான்கள்: வேலைக்காரர், சிப்பாய், சிறகு முளைத்தவை. வேலைப் பிரிவினை அப்போதே அமைந்திருக்கிறது. 2016-இல் பெயர் வைக்கிறார்கள்: கிருஷ்ணாடெர்மஸ் யோத்தா. முன்பாதி, நியூயார்க் அருங்காட்சியகத்தில் கரையானையே ஆராய்ந்த குமார் கிருஷ்ணாவுக்கு. பின்பாதி, சிப்பாய்க்கு.

குஜராத், பழுப்பு நிலக்கரிச் சுரங்கம். இங்கே கிடைத்த அம்பருக்கு 5 கோடி ஆண்டுக்கு மேல். அதில் நானோடெர்மஸ் என்ற கரையான். புற்று கட்டும் கரையான்கள் அடங்கிய குடும்பத்தின் மிகப் பழைய புதைபடிவமாக 2011-இல் பதிவாகிறது.

ஏரிக்குப் பின்தெரு. வரிசையில் நின்ற அம்மா ஒருவர் காலிச் செம்போடு வீடு திரும்புகிறார். நெற்றியில் புற்று மண். கூடத்தில் பூச்சி மருந்துக்காரர் காத்திருக்கிறார்.

நிலைக்கதவில் மண் கோடு. விரலால் தட்டுகிறார். மரம் பொள்ளென்று ஒலிக்கிறது. சுவரோரம் ட்ரில் ஓடுகிறது. ஓட்டை, மருந்து, வெள்ளை சிமென்ட். அடுத்த ஓட்டை.

சிங்க் அடியிலிருந்து கரப்பான் ஓடுகிறது. பையன் துடைப்பத்தால் அடிக்கிறான்.

கரையான் கரப்பான் வம்சம். எறும்பு குளவி வழி; கரையானுக்கு அதோடு நெருங்கிய உறவில்லை. கட்டை தின்ற பழைய கரப்பான் கிளை ஒன்று, அதைச் செரிக்கும் நுண்ணுயிரைக் குடலில் வைத்திருந்தது. குஞ்சுக்கு அது பெரியவற்றின் குடலிலிருந்துதான் வர வேண்டும். பிரிந்து போக வழியில்லை. கூட்டுக் குடும்பம் அங்கே தொடங்கியதாகச் சொல்கிறார்கள்.

வேலை முடிகிறது. மருந்துக்காரர் அட்டை நீட்டுகிறார். 5 ஆண்டு உத்தரவாதம். அந்தம்மா அதைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகுகிறார். அட்டையின் கடைசி வரி பொடி எழுத்தில்: சுவரில் ஈரம் ஏறினால் உத்தரவாதம் செல்லாது.

ஏரி நிரம்பினால் இந்தத் தெருவில் ஈரம் ஏறாத சுவர் இல்லை.