'கிளாஸ் 2'ன்னா ரெண்டாவது ஸ்டேஜா?

எங்கள் பெரியம்மாவுக்கு 52 வயது. ஊர் கோவில்பட்டி. பக்கத்தில் நடந்த ஒரு மருத்துவ முகாமில், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்கும் பாப் ஸ்மியர் டெஸ்ட் எடுத்திருக்கிறார்கள். வந்த ரிப்போர்ட் முழுக்க இங்கிலீஷ். அதில் அவருக்குப் புரிந்தது ஒன்றே ஒன்றுதான்: 'கிளாஸ் 2'. கவரில் போட்டுக் கையில் கொடுத்தவர்கள், அது என்னவென்று சொல்லவில்லை. இவரும் கேட்கவில்லை. மடித்து பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்துவிட்டு, ஒன்றரை வருஷம் யாரிடமும் மூச்சுவிடவில்லை. மகள் கல்யாணம் முடியட்டும் என்று காத்திருந்திருக்கிறார்.

கல்யாணம் முடிந்த மறுவாரம் எனக்கு போன். "ஏட்டி, நீ பத்திரிகையிலதான இருக்க... ரெண்டாவது ஸ்டேஜ்னா இன்னும் எத்தன வருஷம் இருப்பாங்க?"

ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் வாங்கி, பேத்தாலஜிஸ்ட்டாக இருக்கும் தோழியின் அக்காவுக்கு அனுப்பினேன். படித்துவிட்டு உடனே கூப்பிட்டார். அதில் புற்றுநோய்க்கான அறிகுறியே இல்லை, கொஞ்சம் இன்ஃப்ளமேஷன், அவ்வளவுதான் என்றார். ஸ்டேஜ் என்பது, பயாப்ஸியில் புற்றுநோய் உறுதியான பிறகு அது எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று பார்த்துச் சொல்வது. ஸ்மியர் ரிப்போர்ட்டில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. பெரியம்மாவிடம் சொன்னபோது மறுமுனையில் சத்தமே இல்லை. அப்புறம், "அப்ப நான் சும்மாவா அழுதேன்?" என்றார்.

அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை. அக்கா சொன்ன அடுத்த விஷயம் அதைக் கூட்டியது. இந்த 'கிளாஸ்' கணக்கையே மருத்துவ உலகம் எப்போதோ கைவிட்டுவிட்டதாம்.

பாப் ஸ்மியரில் இருக்கும் 'பாப்', கிரேக்கத்தில் பிறந்து நியூயார்க்கில் ஆராய்ச்சி செய்த டாக்டர் ஜார்ஜ் பாப்பனிகோலா. செல்களைப் பார்த்து 1 முதல் 5 வரை கிளாஸ் போட்டவர் அவர்தான். 1 என்றால் நார்மல், 5 என்றால் நிச்சயமாகப் புற்றுநோய் செல்கள். காலப்போக்கில் ஒவ்வொரு லேபும் இந்த நம்பர்களுக்குத் தன் இஷ்டத்துக்கு அர்த்தம் வைத்துக்கொண்டது. ஒரு லேபின் 2 இன்னொரு லேபின் 2 இல்லை. இதற்கு நடுவில் 'டிஸ்பிளேசியா', 'சி.ஐ.என்.' என்று வேறு பெயர்களும் புழங்கின. 1987-ல் 'வால் ஸ்ட்ரீட் ஜர்னல்' பத்திரிகை, அமெரிக்க லேப்களில் ஸ்மியர் ஸ்லைடுகள் எவ்வளவு அலட்சியமாகப் பார்க்கப்படுகின்றன என்பதை எழுதிப் பெரும் பரபரப்பு உண்டாக்கியது. (ஒரு பத்திரிகைக்காரியாக இந்த வரியை எழுதும்போது கொஞ்சம் பெருமைதான்.) 1988 டிசம்பரில் மேரிலேண்ட் மாகாணம் பெதஸ்டாவில், அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் நிபுணர்களைக் கூட்டியது. நம்பர் வேண்டாம், எல்லோரும் ஒரே வார்த்தைகளில் எழுதுவோம் என்று அங்கே முடிவெடுத்தார்கள். அதுதான் 'பெதஸ்டா முறை'. 1991, 2001, 2014 ஆகிய ஆண்டுகளில் அதைத் திருத்தவும் செய்தார்கள்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது, எடுத்த சாம்பிள் போதுமானதா என்பதையும் ரிப்போர்ட்டில் சொல்லியாக வேண்டும் என்பது. 'அன்சாட்டிஸ்ஃபேக்டரி' என்று இருந்தால் உடம்பு சரியில்லை என்று அர்த்தமில்லை. பார்க்கிற அளவுக்கு செல்கள் கிடைக்கவில்லை, அல்லது ரத்தமோ வேறெதுவோ மறைக்கிறது, மறுபடி எடுக்கணும் என்று அர்த்தம். இதை 'ஒண்ணும் இல்லை' என்று எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவதும் ஆபத்துதான்.

இன்னொன்று, 'ஆஸ்கஸ்'. செல்கள் லேசாக மாறித் தெரிகின்றன, ஏனென்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்பதை ஒளிக்காமல் சொல்ல ஒரு பெயர். ஹெச்.பி.வி. டெஸ்ட்டோ இன்னொரு ஸ்மியரோ எடுக்கச் சொல்வார்கள். 'எல்-சில்' பெரும்பாலும் ஹெச்.பி.வி. வைரஸ் தொற்றின் அடையாளம். பலருக்குத் தானாகவே சரியாகிவிடும், ஆனாலும் டாக்டர் சொல்கிறபடி தொடர்ந்து பார்க்க வேண்டும். 'ஹெச்-சில்' என்றால் தள்ளிப்போடவே கூடாது, கால்போஸ்கோப்பி செய்து பார்க்க வேண்டும். இந்த மூன்றில் எதுவுமே புற்றுநோய் என்ற தீர்ப்பு இல்லை.

பெரியம்மாவுக்கு மறுபடியும் டெஸ்ட் எடுத்தோம். இந்த முறை பெதஸ்டா முறைப்படி அழகான ரிப்போர்ட்: சாம்பிள் போதுமானது, 'நெகட்டிவ் ஃபார் இன்ட்ரா எபிதீலியல் லீஷன் ஆர் மாலிக்னன்ஸி'. டெல்லி டாக்டருக்கும் திருநெல்வேலி டாக்டருக்கும் ஒரே அர்த்தம் தரும் வரி. ஆனால், வீட்டில் புது மாப்பிள்ளை அந்தக் கடைசி வார்த்தையை மட்டும் கூகுளில் போட்டுப் பார்த்துவிட்டு, முகம் வெளுத்துப்போய் உட்கார்ந்திருந்தார். பெரியம்மாதான் அவருக்கு தைரியம் சொன்னார்: "நெகட்டிவ்னு போட்டிருக்குல்ல மாப்ள, கொரோனாவுக்கு வந்த மாதிரி நல்லதுதான்."

டாக்டர்கள் தங்களுக்குள் ஒரே பாஷை பேச 1988-லேயே உட்கார்ந்து முடிவெடுத்துவிட்டார்கள். ஸ்மியர் கொடுத்தவளுக்குப் புரிகிற மாதிரி தமிழில் ஒரு வரி எழுத யாரும் உட்காரவில்லை. ரிப்போர்ட்டின் அடியில் லேப் முகவரிக்கும் கையெழுத்துக்கும் இடமிருக்கும்போது, அந்த ஒரு வரிக்கா இடமிருக்காது?

எங்கள் டெஸ்க்கில் நடிகர்கள் பெயரை, அமைச்சர்களின் துறையை எப்படி எழுத வேண்டும் என்பதற்கெல்லாம் பட்டியல் உண்டு. அதில் இப்போது இந்த வார்த்தைகளையும் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். 'கருப்பை வாய்' என்று எழுதுவதா, 'கர்ப்பப்பை வாய்' என்று எழுதுவதா என்று அரை நாள் சண்டை போட்டு, வீடுகளில் சொல்கிற இரண்டாவதையே வைத்துக்கொண்டோம். 'அன்சாட்டிஸ்ஃபேக்டரி'க்கு 'செல்கள் போதவில்லை, திரும்ப எடுக்கவும்'. 'ஆஸ்கஸ்'ஸுக்கு 'லேசான மாற்றம், காரணம் உறுதியாகவில்லை'. 'ஹெச்-சில்'லில்தான் மாட்டிக்கொண்டேன். 'புற்றுநோய்க்கு முந்தைய நிலை' என்று எழுதினால், படிக்கிறவர் காதில் முதல் வார்த்தைதான் விழும். 'தீவிர மாற்றம்' என்றால் என்ன மாற்றம் என்று தெரியாது. வெறும் 'மாற்றம்' என்றால் அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடுவார்கள். அந்தக் கட்டத்தில் இப்போதைக்கு மூன்றையும் எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறேன்.