சாவா மூவாப் பேராடு

சார் பெயரில் ஓர் உதவித்தொகை வைக்கலாம் என்று முடிவானபோது எங்கள் கையில் சேர்ந்திருந்தது 5 லட்ச ரூபாய். அவரிடம் வரலாறு படித்த 27 பேர் போட்டது. துபாயில் கிரேன் ஓட்டுபவன் அனுப்பியதும் அதில் இருக்கிறது, ஊரில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள் கொடுத்த ஐந்நூறும் இருக்கிறது. முதலைத் தொடக்கூடாது, வட்டியை மட்டும்தான் எடுக்கணும். 7 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் வருஷத்துக்கு 35,000.

இந்த ஏற்பாட்டையே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் சார்தான். வங்கி பாஷையில் இல்லை, கல்வெட்டு பாஷையில். சோழர் காலத்தில் கோயிலுக்கு நந்தா விளக்கு வைப்பவர்கள் ஒரு விளக்குக்கு 96 ஆடு கொடுப்பது வழக்கம். ஆடுகளை இடையரிடம் ஒப்படைத்துவிடுவார்கள். அவர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் கொண்டுவந்து அளக்க வேண்டும். கிழடு சாகும், குட்டி பிறக்கும், மந்தையின் எண்ணிக்கை மட்டும் குறையாது. அதனால் கல்வெட்டில் அவற்றுக்கு 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். சாகாத, கிழடாகாத ஆடு. "அப்படி ஒரு ஆடு எங்கடா இருக்கு? கணக்குல இருக்கு" என்பார் சார்.

எங்கள் குழுவில் ஒருவன் இதை வைத்தே மடக்கினான். ஆடு குட்டி போடும். விலைவாசி ஏறினால் ஆட்டு விலையும் கூடவே ஏறும். நம்ம 5 லட்சம் இருபது வருஷம் கழித்தும் அதே 5 லட்சமாக நிற்கும். அன்றைக்கு 35,000 ரூபாய்க்கு என்ன வரும்? அதனால் 25,000 செலவு, 10,000 திரும்ப முதலில் சேர்ப்பது என்று வைத்தோம். விலைவாசியை முழுசாக எட்டிப்பிடிக்காதுதான். ஆனாலும் மந்தை சும்மா கிழடாகிப் போகாது. அறக்கட்டளையாகப் பதிவு செய்து, ஆண்டுதோறும் தணிக்கைக்கும் ஏற்பாடு செய்தாயிற்று.

பணக்கணக்கு ஒரே சாயங்காலத்தில் முடிந்தது. யாருக்குக் கொடுப்பது என்பதில்தான் நாலு மாதம் சண்டை.

முதல் மதிப்பெண் எடுப்பவருக்கு என்றார்கள் சிலர். ரொம்பக் கஷ்டப்படுகிற பிள்ளைக்கு என்றார்கள் வேறு சிலர். இரண்டிலும் விண்ணப்பம் உண்டு, வருமானச் சான்றிதழ் உண்டு, ஆண்டு விழா மேடை உண்டு, ஆளுயரக் காசோலையைப் பிடித்துக்கொண்டு போட்டோ உண்டு. பள்ளியில் இலவச நோட்டு வாங்க நான் ஒரு முறை மேடையில் நின்றிருக்கிறேன். கொடுத்தவரின் கை என் தோளில், கண் கேமராவில். அந்த நோட்டில் கடைசிவரை நான் ஒரு வரி எழுதவில்லை. இன்றைக்கு அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வரும் பெண்ணுக்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் நேராக வங்கிக் கணக்குக்குப் போகிறது. பையன்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன். அரசாங்கமே கணக்கில் போட்டுவிடுகிறது. 25,000 ரூபாயை வைத்துக்கொண்டு நாம் மேடை போடணுமா?

இதற்கு நடுவில்தான், புத்தகங்களைப் பிரித்து அடுக்கித்தர முடியுமா என்று அம்மா கூப்பிட்டார். சாரின் மனைவியை நாங்கள் எல்லோரும் அம்மா என்றுதான் கூப்பிடுவோம். நாலைந்து பேர் போனோம். பீரோவுக்கு மேல் செருப்புப் பெட்டிகள். பெட்டி நிறைய அட்டைகள்.

அந்த அட்டைகள் எங்களுக்குத் தெரியும். கல்வெட்டுத் தொகுதிகளிலிருந்து ஒவ்வொரு கல்வெட்டாகப் பார்த்து அட்டையில் படியெடுத்துத் தரச்சொல்வார் சார். ஓர் அட்டைக்கு 5 ரூபாய். தேர்வுக் கட்டணம் கட்டும் மாதத்தில் வேலை ஏனோ அதிகமாக வரும். கவரில் போட்டுக் கொடுத்து, "கூலி, எண்ணிப் பாத்துக்க" என்பார். இரண்டு வருஷம் என் விடுதிச் சாப்பாட்டுப் பாக்கியில் பெரும்பகுதி அப்படித்தான் அடைந்தது. சார் ஏதோ பெரிய புத்தகம் எழுதுகிறார் என்று நம்பிக்கொண்டிருந்தோம்.

பெட்டியில் எண்ணாயிரம் கல்வெட்டின் ஒரு பகுதி நாலு அட்டைகளில் இருந்தது. முதலாம் ராசேந்திரன் காலத்தில் 270 இளைய மாணவர்களுக்கும் 70 மூத்த மாணவர்களுக்கும் தினப்படி இவ்வளவு நெல் என்று அளந்து வைத்த கல்வெட்டு. நாலும் நாலு பேர் கையெழுத்து. நடுவில் பல வருஷ இடைவெளி. அதில் ஒன்று என்னுடையது.

"புத்தகமெல்லாம் அவரு எழுதவே இல்லப்பா" என்றார் அம்மா. "ஆனா ஒவ்வொரு அட்டையையும் ராத்திரி உக்காந்து படிப்பாரு."

படித்திருக்கிறார். எல்லா அட்டையிலும் சிவப்பு மையில் திருத்தம். நாலாவது முறை வந்த அதே கல்வெட்டிலும், முதல் முறை பார்ப்பது போல வரிக்கு வரி திருத்தம். அடியில் 'படி எடுத்தவர்' என்று எழுதி அவரவர் பெயர், தேதி.

அந்த நந்தா விளக்குக் கல்வெட்டுகளில் ஆடு கொடுத்தவர் பெயர் மட்டும் இருப்பதில்லை. பெற்றுக்கொண்ட இடையரின் பெயரையும் வெட்டியிருப்பார்கள். தானம் வாங்கியவர் என்றல்ல, நெய் அளக்கப் பொறுப்பேற்றவர் என்று. வகுப்பில் பத்துத் தடவையாவது சார் சொல்லியிருப்பார். அதைத்தான் அவர் செய்துகொண்டும் இருந்தார் என்பது, செருப்புப் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தபோதுதான் எங்களுக்கு உறைத்தது.

அன்றைக்கே முடிவாகிவிட்டது. வருஷத்துக்கு இரண்டு மாணவர்கள். ஆளுக்கு 12,500. சுற்றுவட்டாரக் கிராமக் கோயில்களுக்குப் போய்க் கல்வெட்டுகளைப் பார்த்து, படம் எடுத்து, அட்டையில் படியெடுத்துத் தரவேண்டும். யாருக்கு வேலை தேவை என்று துறையில் இப்போது இருக்கும் மிஸ்ஸுக்குத் தெரியும். அவரே கூப்பிட்டுச் சொல்வார். விண்ணப்பம் கிடையாது, மேடை கிடையாது. பணம் தேர்வுக் கட்டணத்தின் கடைசித் தேதிக்கு முன்னால் போய்விடணும். அட்டைகளை எங்களில் ஒருவர் கட்டாயம் படித்துத் திருத்தணும். இந்தக் கடைசி நிபந்தனைதான் மற்றதைவிடக் கஷ்டம்.

"அப்ப இது ஸ்காலர்ஷிப் இல்லடா, கூலி" என்றான் துபாய்க்காரன் போனில்.

"ஆமா" என்றேன்.

போன வாரம் முதல் கட்டு வந்தது. திருத்துகிற முறை என்னுடையது. இரண்டாம் ஆண்டுப் பெண் ஒருத்தி எடுத்த படி. ஓரிடத்தில் கல் சிதைந்திருக்கிறது. அங்கே என்ன சொல் இருந்திருக்கும் என்று யாருக்கும் சுலபமாக யூகம் வரும். அவள் யூகிக்கவில்லை, புள்ளி வைத்துவிட்டு நகர்ந்திருக்கிறாள். சிவப்புப் பேனாவை எடுத்து, அடியில் 'படி எடுத்தவர்' என்று எழுதி அவள் பெயரையும் தேதியையும் போட்டேன். அட்டையில் சார் பெயர் எங்கேயும் இல்லை. வங்கிப் புத்தகத்தில் இருக்கிறது, அது போதும்.