கரையில் கிடந்த பை

எங்கள் பங்கு கடலோரப் பங்கு அன்று. தூத்துக்குடி மாவட்டத்தில், கடலிலிருந்து ஆறு கிலோமீட்டர் உள்ளே தள்ளியிருக்கும் சிற்றூர். ஊரை ஒட்டி வளைந்து செல்லும் ஓடை ஒன்று உண்டு. ஆண்டில் பெரும்பகுதி வறண்டு கிடக்கும். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மட்டும் கரை புரளும். அந்த நீர் எங்கே போய்ச் சேர்கிறது என்று இத்தனை ஆண்டுகளில் நான் ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை.

2023-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் ஞாயிறன்று, பூசை முடிவில் எங்கள் பங்குத்தந்தை ஓர் அறிவிப்பு வாசித்தார். அம்மாதம் மூன்றாம் சனிக்கிழமை, அருகிலுள்ள மீனவப் பங்கின் கடற்கரையைத் துப்புரவு செய்ய நாம் செல்லவேண்டும் என்றார். திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட ‘இறைவா உமக்கே புகழ்’ என்னும் சுற்றுமடலைப் பற்றி அதற்கு முன்பும் இரண்டொரு முறை அவர் மறையுரையில் குறிப்பிட்டதுண்டு. நாங்கள் கேட்டோம்; கேட்டுவிட்டு வீட்டுக்குச் சென்றோம். இம்முறை கையுறையும் சாக்கும் கொண்டுவரச் சொல்லிவிட்டார். தப்ப வழியில்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஏழைப் பங்கு ஒன்றுக்குச் செய்யும் தர்மமாகவே இதை எண்ணிப் புறப்பட்டேன். வின்சென்ட் தே பவுல் சபையின் சார்பில் அரிசி அளந்து கொடுக்கச் செல்லும்போது உள்ளத்தில் எழும் அந்த மெல்லிய பெருமிதத்தைப் பலரும் அறிவர். அன்றும் அது என்னுடன் வேனில் ஏறி அமர்ந்துகொண்டது.

முழங்கால் வலியால் எனக்குக் குனிந்து பொறுக்க இயலாது. ஆகவே கணக்கெழுதும் பணியைத் தந்தார்கள். இப்பணிக்குக் கணக்கு எதற்கு என்று கேட்டேன். 1986-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் கடற்கரையில் லிண்டா மரானிஸ், கேத்தி ஒஹாரா என்னும் இரு பெண்மணிகள் இவ்வழக்கத்தைத் தொடங்கியபோதே, பொறுக்கியதை எல்லாம் வகைவாரியாக எழுதி வைக்கச் சொன்னார்களாம். எது எவ்வளவு என்று தெரிந்தால்தான் எங்கிருந்து வந்தது என்று கேட்க முடியும் என்பது அவர்கள் எண்ணம். அதே 1986-இல்தான் எங்கள் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. கடற்பசு மேயும் கடற்புல் வெளிகள் அங்கே உண்டு. இவற்றையெல்லாம் பங்குத்தந்தை வேனிலேயே விளக்கிக்கொண்டு வந்தார்.

கரையில் இறங்கியதும் பேச்சு நின்றது. தேநீர்க் குவளைகள், ஷாம்பு உறைகள், தண்ணீர்ப் புட்டிகள், மாத்திரை அட்டைகள், தெர்மகோல் துண்டுகள், இணையில்லாத செருப்புகள். எத்தனை செருப்புகள்! ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு போட்டுக்கொண்டே வந்தேன். மணலில் பாதி புதைந்திருந்த நைலான் வலை ஒன்றை நான்கு இளைஞர்கள் இழுத்தும் வரவில்லை. வலைக்கூடத்தில் அமர்ந்திருந்த முதிய மீனவர் ஒருவர் கத்தியோடு எழுந்து வந்து, மணலைத் தோண்டி, கண்ணிகளை அறுத்து விடுவித்துக் கொடுத்தார். உள்ளே நண்டு ஒன்று உலர்ந்து கிடந்தது. “அந்தக் காலத்துப் பருத்தி நூல் வலை கிழிஞ்சா மக்கிப் போகும். இது மக்காது, ஆளில்லாமலே மீன் பிடிக்கும்” என்றார்.

கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர் எங்களை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் கேட்டார்: “ஐயா, நீங்க எல்லாம் எந்த ஊரு?” ஊரின் பெயரைச் சொன்னேன். “அப்போ ஓடை வழியா வர்றதெல்லாம் உங்க ஊருதான்” என்றார். அவர் குரலில் சினமில்லை. ஐப்பசி மழைக்கு ஓடைநீர் சுமந்துவருவதை ஆண்டுதோறும் பார்ப்பவர் சொன்ன செய்தி, அவ்வளவுதான். ஓடை அங்கேதான் கடலில் கலக்கிறது என்பதை அன்றுதான் அறிந்தேன்.

அடுத்த கால்மணி நேரத்தில், மறைக்கல்வி வகுப்பில் ஏழாவது படிக்கும் சிறுமி ஒருத்தி மஞ்சள் நிறப் பை ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். “தாத்தா, இதை எதில் எழுதணும்? துணியா, பிளாஸ்டிக்கா?”

பையில் குழந்தை இயேசுவை ஏந்திய புனித அந்தோணியார் நின்றார். அடியில் எங்கள் பங்கின் பெயர். ‘திருவிழா 2022’ என்ற எழுத்து.

அந்தப் பைகளை வாங்கியவன் நான். திருவிழாக் குழுவின் பொருளாளன் என்ற முறையில், அசனப் பொட்டலம் வழங்க அச்சடித்து வாங்கினேன். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 சனவரி முதல் நாளிலிருந்து தமிழ்நாட்டில் தடை உள்ளதே என்று குழுவில் ஒருவர் கேட்டபோது, “இது துணிப்பை” என்று உறுதியாகச் சொன்னவனும் நானே. தொட்டால் துணிபோலத்தான் இருக்கும். ஆனால் நெய்த நூல் அன்று. பாலிப்ரொப்பிலீன் என்னும் பிளாஸ்டிக் இழை. காணாமற் போனவற்றைக் கண்டெடுத்துத் தருபவர், கடற்கரையில் மீன்களுக்குப் பிரசங்கித்தவர் என்று மரபு போற்றும் புனிதரை, எங்கே கொண்டுவந்து கிடத்தியிருந்தேன்!

சிறுமி விடைக்காகக் காத்து நின்றாள். நான் பையை வாங்கி, மணலை உதறி, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். “புனிதர் படம், அம்மா. குப்பையில் போடக்கூடாது” என்றேன். அது பொய்யன்று, ஆனால் முழு மெய்யும் அன்று. கணக்கில் கோடு போடவில்லை.

இது பாவசங்கீர்த்தனத்தில் சொல்லத்தக்கதுதானா என்று சில நாள் என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன். இறுதியில், 2024 பிப்ரவரியில் கூடிய திருவிழாக் குழுவில் அந்தப் பையை மேசைமேல் விரித்து வைத்தேன். எங்கே கிடைத்தது என்று சொன்னேன். ஒருவர் தலைகுனிந்தார். மற்றொருவர், எறிந்தவன் குற்றத்துக்குக் கொடுத்தவன் என்ன செய்வான் என்றார். அதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் வாங்கியவன் பிறகு என்ன செய்வான் என்று நாங்கள் கேட்கவே இல்லையே. இரண்டு மணி நேர வாக்குவாதத்துக்குப் பின், பை இல்லை, தூக்குவாளி கொண்டுவருக என்று பீடத்திலிருந்து அறிவிக்கப்பட்டது. சூன் 13 அன்று உள்ளூரார் பெரும்பாலும் கொண்டுவந்தார்கள். அறியாமல் வந்த வெளியூராருக்கு வாழையிலையில் கட்டிக் கொடுத்தோம், குழம்பு வழிந்தது, சிலர் கடிந்துகொண்டனர். தேநீருக்குக் காகிதக் குவளைகளை விலக்க இயலவில்லை. அவற்றின் உள்ளேயும் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு உண்டென்று தெரியும். டம்ளர் கழுவ ஆள் கிடைக்கவில்லை.

அவ்வாண்டு செப்டம்பரில் மீண்டும் சென்றோம். சனிக்கிழமை படகுகள் கடலில் இருப்பதால், ஞாயிறு பிற்பகலாக வைத்துக்கொள்ளுமாறு அந்தப் பங்கினர் கேட்டிருந்தார்கள். அவர்கள் ஞாயிறன்று கடலுக்குச் செல்வதில்லை. கடன் திருநாளில் சாக்கும் மண்வெட்டியும் எடுப்பதா என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இருவர் முணுமுணுத்தனர். ஒருவர் எங்களுடன் வரவில்லை. அங்கோ வலைக்கூடத்து முதியவர் தம் பேரர்களோடு எங்களுக்கு முன்பே கரையில் நின்றார். கருவாட்டு மூதாட்டியும் வந்திருந்தார். “இந்த வருசம் மஞ்சப்பை இருக்கா பாப்போம்” என்று அவர் சொன்னபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் பைகளை அவர் முன்பே அறிந்திருந்தார். ஒன்றிரண்டு அல்ல போலும்.

கணக்கெழுதும் பணியை அம்முறை அந்தச் சிறுமி கேட்டு வாங்கிக்கொண்டாள். வேனில் திரும்பும்போது என் அருகில் அமர்ந்து கோடுகளைக் கூட்டினாள். கூட்டி முடித்ததும் கேட்டாள்: “தாத்தா, போன வருசம் அந்தோணியார் பையை எழுதினீங்களா?”

“இல்லை, அம்மா.”

அவள் சற்றே யோசித்தாள். பிறகு பிளாஸ்டிக் கட்டத்தில் இன்னும் ஒரு கோடு போட்டு, மொத்தத்தைத் திருத்தி எழுதினாள்.