கடிகாரத்தைத் திருப்பாமல் நியூயார்க்

உலகின் எந்த இரண்டு ஊர்களை எடுத்துக்கொண்டாலும் இடைத்தூரம் சுமார் 20,000 கிலோமீட்டரைத் தாண்டாது. சிங்கப்பூரின் சாங்கியிலிருந்து நியூயார்க்கின் கென்னடி விமான நிலையம் ஏறக்குறைய 15,350 கிலோமீட்டர். அதாவது, முக்கால்வாசி. எங்கும் இறங்காமல் இதை ஒரே மூச்சில் கடக்கிறது சிங்கப்பூர் ஏர்லைன்ஸ். கால அட்டவணைப்படி பதினெட்டரை மணி நேரத்துக்கும் மேல்.

ஊர் எவ்வளவு தூரம் என்று கேட்டால் நம்மவர்கள் "அஞ்சு மணி நேரம் ஆகும்" என்றுதான் சொல்வார்கள். இந்தப் பயணத்துக்கும் அதுவே சரியான கணக்கு. உருண்டையில் நூலை இழுத்துப் பிடித்தால் மிகக் குறுகிய வழி வட துருவத்தை ஒட்டிப் போகிறது. ஆனால் என் இருக்கைத் திரையில் விமானம் பசிபிக் பக்கம் திரும்பியிருந்தது. தலையைச் சுற்றி மூக்கைத் தொடும் வேலைதான். ஆனால் அங்கே மேற்கிலிருந்து கிழக்காக வீசும் உயர்வான் காற்று பின்னாலிருந்து தள்ளுகிறது. ஜப்பானுக்குத் தெற்கே போகும்போது திரையில் வேகம் மணிக்கு 1,080 கிலோமீட்டர். தூரம் கூடியும் நேரம் குறைந்தது.

காற்று இலவசம், எரிபொருள் அப்படியல்ல. 2004-ல் நான்கு எஞ்சின் ஏர்பஸ் ஏ340-500 விமானத்தில் இதே நிறுவனம் பக்கத்து நியூவார்க்குக்குப் பறந்தது. எரிபொருள் செலவு கட்டுப்படியாகாமல் 2013-ல் நிறுத்தியது. 2018-ல் இரண்டே எஞ்சின் கொண்ட ஏ350-900யுஎல்ஆர் வந்த பிறகுதான் சேவை மறுபடி தொடங்கியது. அதன் கொள்ளளவு 1,65,000 லிட்டர். அவ்வளவு எரிபொருளைச் சுமப்பதால் ஆளைக் குறைத்தாக வேண்டும். முந்நூறு பேருக்கு மேல் ஏற்றக்கூடிய உடலில் 161 இருக்கைகளே. சாதாரண எகானமி வகுப்பே கிடையாது. என் டிக்கெட் விலை ஏன் அப்படி இருந்தது என்பது அப்போதுதான் விளங்கியது.

கோடையில் இரு ஊர்களுக்கும் சரியாகப் பன்னிரண்டு மணி நேர வித்தியாசம். முள் வைத்த கைக்கடிகாரத்தைத் தொடவே வேண்டாம். மதியம் கிளம்பினேன். கடல்மேல் இருட்டி, விடிந்து, தேதிக்கோட்டைத் தாண்டி இறங்கியபோது கிளம்பிய அதே தேதியின் மாலை.

கூடுதலாகக் கிடைத்த அந்த நாளைத் திரும்பும்போது கொடுத்துவிட வேண்டும். திங்கள் இரவு ஏறினால் புதன் விடியலில் சிங்கப்பூர். இதைத் தொலைபேசியில் விளக்கியபோது அம்மா குறுக்கிட்டார்: "அப்ப செவ்வாய்க்கிழமை விரதம்?"

"செவ்வாய் முழுக்க வானத்துலதாம்மா."

"நல்லதாப் போச்சு. அவங்க குடுக்குறதையெல்லாம் சாப்பிடாம இரு."