கடைக்கு வராத பழம்

டொராண்டோவின் பெரிய கடைகளில் உலகத்தின் எந்த மூலையில் விளையும் பழமும் கிடைத்துவிடும். பனிக்காலத்தில் சிலி நாட்டு செர்ரி, வசந்தத்தில் மெக்சிகோ மாம்பழம், வருஷம் முழுக்க வாழைப்பழம். ஆனால் இந்த மண்ணிலேயே தோன்றி, காட்டோரத்திலும் ஓடைக்கரையிலும் தானாக முளைத்து வளர்கிற சர்வீஸ்பெரி அங்கே கண்ணில் படுவது அபூர்வம். அதன் தோல் மெல்லியது, கனிந்த பழம் சீக்கிரம் குழைந்துவிடும். ஒரு கொத்தில் உள்ள பழங்கள் ஒன்றாகப் பழுப்பதுமில்லை. மேற்கே சமவெளி மாகாணங்களில் சஸ்கட்டூன் என்ற பெயரில் தோட்டங்களில் பயிரிடுகிறார்கள். அதிலும் பெரும்பகுதி உறைபழமாகவும் ஜாமாகவும்தான் வெளியூர் போகிறது. மரத்திலிருந்து பறித்த கையோடு தின்னும் ருசி, மரம் வைத்திருப்பவருக்கும் அவருடைய அக்கம்பக்கத்தாருக்கும் மட்டுமே வாய்க்கும். வீட்டில் நடுவதற்கு இந்த மரத்தைப் போல வேறொன்று இல்லை என்று நான் சொல்லிக்கொண்டிருப்பதற்கு முதல் காரணம் இதுதான்.

பழம் பட்டாணியைவிடச் சற்றுப் பெரிது. பச்சையிலிருந்து சிவப்பாகி, பிறகு கருநீலத்துக்கு வரும். அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் ஐந்து முனையுள்ள சின்னக் கிரீடம் ஒன்று இருக்கும். ஆப்பிளின் அடியிலும் இதே கிரீடத்தைப் பார்க்கலாம். இரண்டும் ரோஜாக் குடும்பம். சர்வீஸ்பெரியும் உள்ளமைப்பில் குட்டி ஆப்பிள்தான். புளிப்பு குறைவு, சாறுள்ள இனிப்பு. மென்மையான விதை பல்லில் அரைபடும்போது பாதாம் வாசனை எழும். கிரீ, பிளாக்ஃபுட், மேட்டி மக்கள் இதை வெயிலில் உலர்த்தி, இடித்த பைசன் இறைச்சியோடும் கொழுப்போடும் சேர்த்துப் பெமிக்கன் செய்தார்கள். மாதக்கணக்கில் கெடாத அந்த உணவை நம்பித்தான் ஐரோப்பியரின் உரோமத்தோல் வணிகமே ஓடியது. 1814இல் ரெட் ரிவர் குடியிருப்பின் ஆளுநர் மைல்ஸ் மக்டோனெல் பெமிக்கனை வெளியே கொண்டுபோகக் கூடாது என்று தடை போட்டார். அதை ஒட்டி மூண்ட மோதல்களுக்குப் பெமிக்கன் போர் என்றே பெயர் வந்துவிட்டது. சஸ்கட்டூன் நகரம் பெயர் பெற்றதும் இந்தப் பழத்தால்தான்.

வீட்டுக்கு எந்த வகை என்பது இடத்தைப் பொறுத்தது. பழம்தான் முக்கியம் என்றால் புதராக வளரும் சஸ்கட்டூன் வகை. அது மைனஸ் 40 டிகிரிக் குளிரையும் தாங்கும். மரமாகவும் வேண்டும், நிழலும் கொஞ்சம் வேண்டும் என்றால் அலெகனி சர்வீஸ்பெரி அல்லது ‘ஆட்டம் பிரில்லியன்ஸ்’ என்ற கலப்பினம். இவை பெரும்பாலும் 5 முதல் 8 மீட்டரோடு நின்றுவிடும். புதுக் குடியிருப்புகளின் சின்ன முன்வாசலுக்கு அளவான உயரம். வெள்ளைப் பூவுக்காக முன்பெல்லாம் வீட்டுக்கு வீடு நட்ட காலரி பேரி மரம் காடுகளுக்குள் பரவி நாட்டுச் செடிகளை நெருக்கத் தொடங்கியதால், அமெரிக்காவில் ஒஹாயோ 2023லும், பென்சில்வேனியாவும் தென் கரோலினாவும் 2024லும் அதன் விற்பனையைத் தடை செய்தன. அதே வெள்ளைப் பூவை இந்த மண்ணுக்குத் தொந்தரவில்லாமல் தருவது சர்வீஸ்பெரி.

இந்த மரத்துக்கு நாம் செய்ய வேண்டிய வேலையில் பெரும்பகுதி நடும் நாளிலும் அதையடுத்த இரண்டு கோடைகளிலும் முடிந்துவிடுகிறது. புது வீடுகளைச் சுற்றி மேல்மண்ணை வழித்தெடுத்து, கனரக வண்டிகள் ஏறி இறங்கி இறுகிப்போன களிமண்தான் மிஞ்சியிருக்கும். அதனால் குழியை ஆழப்படுத்துவதைவிட அகலப்படுத்த வேண்டும். வேர்ப்பந்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு அகலம், ஆழம் மட்டும் வேர்ப்பந்தின் அளவே. நர்சரித் தொட்டியில் வந்த கன்றின் மேல்மண்ணை விரலால் விலக்கிப் பாருங்கள். தண்டு விரிந்து வேராகும் இடம் பெரும்பாலும் சில அங்குலம் புதைந்தே கிடக்கும். அந்த இடம் தரை மட்டத்தில் தெரியும்படி நட வேண்டும். தொட்டிக்குள் வட்டமாகச் சுற்றிய வேர்களை வெட்டிவிட வேண்டும். மூடாக்கு இரண்டு மூன்று அங்குலம் போதும், அதுவும் தண்டைத் தொடாமல். தண்டைச் சுற்றி மரச்சீவலைக் குன்றாகக் குவித்து வைப்பது இந்த ஊர் வழக்கம். பட்டையை அழுக வைக்கிற வழக்கம் அது. தண்ணீரைத் தினமும் தெளிக்காமல், வாரத்துக்கு ஒருமுறையாவது வேர் வரை இறங்குமாறு நிதானமாக விட வேண்டும். அரை நிழலிலும் மரம் வளரும், ஆனால் நல்ல வெயில் இருந்தால்தான் காய் நிறையப் பிடிக்கும்.

அதற்குப் பிறகு கையைக் கட்டிக்கொண்டிருப்பதுதான் பராமரிப்பு. தழைச்சத்து உரம் அள்ளிப் போட்டால் கொழுத்த இளந்தளிர் வரும். தீக்கருகல் நோய்க்கு அதுதான் பிடித்த இடம். கவாத்து செய்வதானால் பனிக்காலக் கடைசியில், மொட்டு விரியுமுன், பட்டதையும் ஒன்றோடொன்று உரசுகிற கிளையையும் மட்டும் எடுத்தால் போதும். அடியிலிருந்து கிளம்பும் வேர்க்கன்றுகளை, மரமாக வேண்டுமென்றால் வெட்டிவிடலாம், புதராக வேண்டுமென்றால் விட்டுவிடலாம். பனிக்காலத்தில் முயல் பட்டையைச் சுற்றிக் கடித்துவிட்டால் அந்தத் தண்டு பிழைக்காது. கம்பிவலையைத் தண்டைச் சுற்றி நிறுத்த வேண்டும், பனி குவிந்தாலும் அதற்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கிற உயரத்துக்கு.

சில ஆண்டுகளில், ஈரமான வசந்தத்துக்குப் பிறகு, காய்களின் மேல் வெளிர்நிறக் குழல்கள் முள்முள்ளாகக் கிளம்பி, அவற்றிலிருந்து ஆரஞ்சுப் பொடி உதிரும். முதல்முறை பார்ப்பவர்கள் மரமே போய்விட்டது என்று பதறுவார்கள். அது துரு நோய். அந்தப் பூஞ்சைக்கு வாழ இரண்டு மரம் வேண்டும், ஒன்று ஜூனிபர், மற்றது சர்வீஸ்பெரியோ அதன் உறவோ. இந்தப் பொடி பக்கத்துக் கொத்தில் விழுந்து தொற்றாது, ஜூனிபருக்குத்தான் திரும்பிப் போகும். ஆகவே அந்த ஆண்டு கொஞ்சம் பழம் போகும், மரம் அநேகமாகத் தப்பிவிடும். மருந்து தெளிக்க நான் ஒருபோதும் போனதில்லை.

ஏப்ரல் கடைசியில், மற்ற மரங்கள் மொட்டையாக நிற்கும்போதே இது பூத்துவிடும். மண்ணுக்குள் கூடு கட்டும் காட்டுத் தேனீக்களுக்கு ஆண்டின் முதல் சாப்பாடுகளில் ஒன்று அந்தப் பூ. ஜூனில் ராபினும் சீடர் வாக்ஸ்விங்கும் வந்து இறங்கும். வாக்ஸ்விங்குகள் கிளையில் அருகருகே உட்கார்ந்து, ஒன்றன் அலகிலிருந்து இன்னொன்றின் அலகுக்குப் பழத்தைக் கைமாற்றுவதைச் சமையலறை ஜன்னலிலிருந்தே பார்க்கலாம். வலை போட்டு மூடினால் பழம் நமக்கு மிஞ்சும்தான். ஆனால் வலையில் கால் சிக்கிப் பறவை தவிக்கும். எட்டும் கிளை நமக்கு, எட்டாத உச்சி அவற்றுக்கு என்று வைத்துக்கொண்டால் இரு தரப்புக்கும் போதுமான அளவு இருக்கிறது.

பேரனைப் பள்ளிக்கு அழைத்துப்போகும் அம்மா ஒருவர் வேலியோரம் நின்று கேட்டார்: “தம்பி, இது குருவிக்குத்தானே? மனுஷங்க சாப்பிடலாமா?”

“தாராளமா சாப்பிடலாம்மா. சிவப்பா இருக்கறத விட்டுடுங்க. கருத்து, தொட்டா கழண்டு கையில விழறத மட்டும் பறிங்க.”

பேரன் முந்திக்கொண்டான். அடுத்த நாள் அவர்கள் ஒரு கிண்ணத்தோடு வந்தார்கள்.

கடைக்கு வராத பழத்துக்கு விலை இல்லை. விலை இல்லாததால் கொடுக்கக் கணக்குப் பார்க்க வேண்டியதில்லை, வாங்கிக்கொள்ளவும் யாரும் கூச வேண்டியதில்லை. வீட்டு வாசலில் ஒரே ஒரு மரத்துக்குத்தான் இடம் இருக்கிறது, என்ன வைக்கலாம் என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் நான் சர்வீஸ்பெரியைத்தான் சொல்கிறேன். அதைப் பின்தோட்டத்து மூலையில் ஒளித்து வைக்காதீர்கள். முன்பக்கம், நடைபாதையை ஒட்டி நடுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு கிளையை வெட்டாமல் விட்டுவையுங்கள்.